அடிமையும் பேரரசனும்
தன்னறிவின் ஆற்றல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கி. பி. 170ஆம் ஆண்டை அடுத்த காலத்திலே, டன்யூப் நதிக்கரையில் அமைந்திருந்த கார்னுந்தம் என்னும் உரோமப் படைவீட்டிற் கூடாரமடித்திருந்த ஒருவர், ஓய்வு கிடைத்த வேளைகளிற் சில குறிப்புக்களை எழுதிவந்தார். அவர் மார்க்கஸ் ஒரேலியஸ்; பிரித்தானியத் தீவு முதற் சிரியா வரை பரந்து கிடந்த உரோமப் பேரரசின் தலைவர். கிழக்குப் போரிலிருந்து மீண்ட படையினர் 165ஆம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த கொள்ளைநோய் நகரங்களை வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. ஆட்சியிற் பங்காளியாயிருந்த லூசியஸ் வீரஸ் 169இல் இறந்துவிட்டார். வடவெல்லையில் மார்க்கோமன்னியரும் குவாடியரும் போர்க்கோலம் பூண்டு நின்றனர். இந்நிலையிலே பேரரசர் எழுதியது போர்த்திட்டமுமன்று, அரச கட்டளையுமன்று. தம் குறைகளைத் தாமே எண்ணிப் பார்த்து, தமக்கே கூறிக்கொண்ட அறிவுரைகள் அவை. இலத்தீனில் அன்றிக் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. பிறர் படிக்கவேண்டும் என்ற நோக்கம் அவற்றில் எங்கும் தென்படவில்லை.

அக்குறிப்புக்களின் முதற் பகுதியிலே, தம் வாழ்க்கையில் யார் யாரிடமிருந்து எவ்வெவற்றைப் பெற்றார் என்பதைப் பேரரசர் கணக்குத் தீர்ப்பவர் போல நிரைப்படுத்துகின்றார். அந்நிரலில் ஜூனியஸ் றஸ்டிக்கஸ் என்னும் ஆசிரியருக்குரிய இடத்தில் ஒரு புத்தகக் கடன் குறிக்கப்பட்டுள்ளது. றஸ்டிக்கஸ் தம் சொந்தச் சேகரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த அந்நூல் எப்பிக்டீற்றஸ் என்பாரின் பாட உரைகள். எப்பிக்டீற்றஸ் உரோமாபுரியிலே விலைக்கு வாங்கப்பட்ட அடிமை, கால் ஊனமானவர். உலகின் பெரும்பகுதியை ஆண்ட ஒருவர், தம் காலைத் தாமே நேராக ஊன்ற இயலாத ஓர் அடிமையிடம் தம்மை ஆளும் வகையைக் கற்றுக்கொண்டார் என்பது வரலாற்றில் அடிக்கடி நிகழும் செயலன்று. இவ்விருவரையும் இணைத்த கருத்து யாது, அது அவர்களுக்கு உண்மையில் வலிமை தந்ததா, அன்றி வலியை மறக்கச்செய்யும் ஆறுதலாக மாத்திரம் இருந்ததா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்புகும் பொருள். தன்னை அறிதல் என்று சொன்ன மாத்திரத்தே நம் வாசகர் உள்ளம் ஆன்மா, இறைவன் என்னும் சமய நூற்பொருளை நாடும். அது வேறோர் ஆராய்ச்சிக்குரியது. ஈண்டு எடுத்துக்கொண்டது, ஒரு மனிதன் தன் ஆற்றலின் அளவையும் தன் இயல்பையும் தெளிந்து நிற்றல் என்ற உலகியற் பொருளேயாகும்.

கிரேக்க நாட்டிலே டெல்பி என்னும் மலைத்தலத்தில் அப்பொல்லோ தேவனுக்கு ஒரு கோயில் இருந்தது. அதன் முன்மண்டபத்திலே, தன்னை அறிந்துகொள்ளுமாறு வருவோரைப் பணிக்கும் இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை மொழிந்தவர் தேலீஸ் என்பாரும், கைலோன் என்பாரும் உளர். ஏழு ஞானியரும் கூடிக் கோயிலுக்குக் காணிக்கையாக்கினர் என்பது பிளேட்டோ கூறும் செய்தி. எதனிலும் அளவு கடவாதே என்னும் பொருளுடைய மற்றொரு வாசகமும் அங்கே இருந்தது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் முன்னதன் பழம்பொருள் புலனாகும். நீ தேவனல்லை, இறக்கும் மனிதன், உன் எல்லையை உணர்ந்து உள்ளே வா என்பதே அப்பொருள். ஆகவே, தொடக்கத்தில் அஃது அடக்கம் போதித்த வாசகமேயன்றி ஆற்றல் போதித்த வாசகம் அன்று. அதனை வலிமையின் ஊற்றாக மாற்றியவர் சோக்கிரட்டீஸ்.

இம்மாற்றத்தைக் காட்டும் ஒரு நிகழ்ச்சியைச் சோக்கிரட்டீசின் மாணவரும் போர்வீரருமாகிய செனோபன் எழுதிவைத்துள்ளார். யூதிடீமஸ் என்னும் இளைஞன் பல நூல்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு, தான் கற்றுத்தேர்ந்தவன் என இறுமாந்திருந்தான். நாட்டை ஆளும் தகுதி தனக்குண்டெனவும் நம்பினான். அவனைச் சோக்கிரட்டீஸ் அணுகி, டெல்பிக்குப் போனதுண்டா என்று வினவினார். இருமுறை போனதாக அவன் விடையிறுத்தான். அங்குள்ள வாசகத்தைக் கண்டாயா என்றார், கண்டேன் என்றான். அதைக் கண்டபின் உன்னை நீ ஆராய்ந்து பார்த்தாயா என்றபோது, அது தனக்கு முன்னமே தெரிந்ததொன்று என எண்ணி விட்டுவிட்டதாகச் சொன்னான். குதிரை வாங்கப் போகின்றவன் அதன் பெயரை அறிந்த அளவில் அமைவதில்லை. அது பணியுமா முரணுமா, வலியதா மெலியதா, விரையுமா பிந்துமா என்றெல்லாம் பார்த்த பின்னரே அதனை அறிந்ததாகக் கொள்வான். மனிதன் மாத்திரம் தன் பெயரை அறிந்த அளவிலே தன்னை அறிந்தவனாகிவிடுவானோ என்று சோக்கிரட்டீஸ் கேட்டார். தன்னை அறிந்தவன் தன்னால் இயல்வது இது, இயலாதது இது எனப் பிரித்துணர்கிறான். இயல்வதைச் செய்து வேண்டியதைப் பெறுகிறான். அறியாததில் தலையிடாமையால் தவறுகளினின்றும் தப்புகிறான். தன்னை அளந்த கோலாற் பிறரையும் அளக்கிறான். நகரங்களுக்கும் இது பொருந்தும் என்று அவர் மேலும் கூறினார். தம் வலிமையை அறியாது வலியாரோடு பொருத நகரங்கள் பாழாகும் அல்லது அடிமையாகும் என்பது அவர் காட்டிய சான்று. பெலப்பொனீசியப் போரில் (கி. மு. 431–404) ஏதென்ஸ் நகரம் பட்ட பாட்டைக் கண்ணாற் கண்ட தலைமுறையினருக்கு அதற்கு விளக்கவுரை வேண்டியிருந்திராது.

சோக்கிரட்டீஸ் மீது கி. மு. 399இல் வழக்குத் தொடுக்கப்பட்டதும், ஏறத்தாழ ஐந்நூறு நடுவர் கூடி மரணதண்டனை விதித்ததும், சிறையினின்றும் தப்பியோட நண்பர் கிரிட்டோ செய்த ஏற்பாட்டை அவர் மறுத்ததும் நம் மாணவர் நன்கறிந்த செய்திகள். அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. ஒன்று மாத்திரம் குறிக்கத்தக்கது. நஞ்சுக் கிண்ணத்தின் முன் அவர் காட்டிய அமைதி பிறவியிலே வந்த குணமன்று. எழுபது ஆண்டு தம்மைச் சோதித்துப் பார்த்தவர் அடைந்த பயன். பின்வந்த அறிஞர் எல்லாம் இறப்பை எதிர்நோக்கிய வேளைகளில் அக்காட்சியையே திரும்பத் திரும்ப நினைந்தனர்.

செனோபனின் அந்நூல் பின்னர் வேறொரு வழியில் வேலை செய்தது. சைப்பிரஸ் தீவினரான சீனோ என்னும் வணிகர் மரக்கலம் உடைந்து ஏதென்சுக்கு வந்து, ஒரு புத்தகக் கடையில் அமர்ந்திருந்தபோது கடைக்காரர் அந்நூலை வாசிக்கக் கேட்டு, இத்தகைய மனிதரை எங்கே காணலாம் என வினவினாராம். சீனோ பின்னர் ஓவியம் தீட்டிய ஒரு தூண்மண்டபத்தில் இருந்து போதித்தமையால் அவர் வழியினர்க்கு மண்டபத்தார் என்னும் பொருள்பட ஸ்தோயிக்கர் எனப் பெயர் வந்தது. அவர்தம் அளவையியலும் இயற்கைத் தத்துவமும் விரிந்தவை. நம் பொருளுக்கு இன்றியமையாதவையல்ல. உரோமாபுரிக்குச் செல்வோம்.

எப்பிக்டீற்றஸ் பிறந்தது கி. பி. 50ஐ அடுத்த காலம். ஊர், இன்றைய துருக்கியில் வெந்நீரூற்றுக்களுக்குப் பெயர்போன பமுக்கலே என்னும் இடத்தில் இருந்த ஹயராப்போலிஸ். அவர் பெயருக்குப் பொருளே ‘ஈட்டப்பட்டது’ என்பதுதான். பண்டத்துக்கு இடும் பெயர். அக்காலத்து அடிமை நிலை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். கி. பி. 61இல் உரோமாபுரியின் நகராதிபதி பெடானியஸ் செக்குண்டஸ் தம் அடிமை ஒருவனாற் கொல்லப்பட்டார். அவ்வீட்டில் வாழ்ந்த அடிமைகள் ஏறத்தாழ 400 பேர். கொன்றவன் ஒருவனேயாயினும், பழைய வழக்கப்படி அனைவரையும் கொல்லவேண்டும் என்று மூதவை துணிந்தது. பெண்களும் சிறுவரும் அவர்களுள் இருந்தமையால் நகரமக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் தடுக்க முனைந்தனர். நீரோ மன்னன் வழிநெடுகப் போர்வீரரை நிறுத்தி அத்தண்டனையை நிறைவேற்றினான். வரலாற்றாசிரியர் தசித்தஸ் இதனை விரிவாக எழுதியுள்ளார். எப்பிக்டீற்றஸ் அப்போது சிறுபிள்ளை.

அவரை வாங்கிய எப்பாபுரோடைற்றஸ் தாமும் முன்னர் அடிமையாயிருந்து விடுதலை பெற்று, நீரோவின் செயலாளராய் உயர்ந்த செல்வர். எசமானரைப் பற்றிப் பிற்காலத்தில் எப்பிக்டீற்றஸ் சொன்ன இரண்டு கதைகள் சுவையானவை. அவ்வீட்டிலே செருப்புத் தைக்கும் அடிமை ஒருவன் இருந்தான். பயனற்றவன் என விற்கப்பட்டான். அவனை அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் வாங்க, அவன் சீசருக்கே செருப்புத் தைப்பவனானான். மறுநாள் முதல் பழைய எசமானர் அவனை எதிர்கொண்டு நலம் விசாரிக்கவும், அவனோடு தனித்திருந்து ஆலோசனை நடத்தவும் தொடங்கிவிட்டார்! மற்றொரு நாள் ஒருவர் ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தம் செல்வமெல்லாம் போய் இனி 15 இலட்சம் நாணயமே எஞ்சியுள்ளது என அழுதார். எசமானர் நகைத்தாரில்லை, இத்துணைத் துன்பத்தை இதுவரை எங்ஙனம் வாய் திறவாது பொறுத்தீர் என்று வியந்தார். மூலையில் நின்று இவற்றைப் பார்த்த அடிமைக்கு ஒன்று விளங்கியிருக்கவேண்டும். அந்த வீட்டில் விலைக்கு வாங்கப்பட்டவர் எத்தனை பேராயினும், அச்சத்தாலும் ஆசையாலும் கட்டுண்டவருட் கூடத்தில் வீற்றிருந்தவரே முதல்வர்.

கால் ஊனமானது எசமானரின் கொடுமையால் என்று ஒரு கதை உண்டு. காலை முறுக்கியபோது, முறிந்துவிடும் என்று அமைதியாக எச்சரித்தாராம்; முறிந்தபின், முன்னமே சொன்னேனே என்றாராம். நோயினால் வந்தது என்பாரும் உளர். கதை எதுவாயினும் அவர் நொண்டி நடந்தது உண்மை. தாமே அதைச் சொல்லுகிறார். அடிமையாயிருந்தபோதே முசோனியஸ் றூபஸ் என்னும் ஸ்தோயிக்க ஆசிரியரிடம் பாடங்கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் விடுதலை பெற்றுத் தாமும் போதிக்கலாயினார்.

அவர் போதனையின் அடிப்படை மிக எளிது. உலகிலுள்ளவற்றை நம் வசம் உள்ளவை, நம் வசம் இல்லாதவை என இரு கூறாக்கினார். உடல், பொருள், புகழ், பதவி என்பன நம் வசத்தன அல்ல. பிறர் கெடுக்கலாம், பறிக்கலாம். ஒன்றைப் பற்றி நாம் கொள்ளும் மதிப்பீடு, விருப்பு, வெறுப்பு, செயலுக்கு எழும் உந்துதல் என்பன நம் வசத்தன. இவற்றுக்கு உறைவிடமாகிய தேர்ந்து துணியும் ஆற்றலே ‘நான்’ எனப்படுவதற்கு உரியது என்றார். காலுக்கு விலங்கிடலாம், அந்தத் துணிபாற்றலுக்கு விலங்கிட ஒருவராலும் ஆகாது. ஆகவே தன்னை அறிதலாவது எது தான், எது தன்னைச் சூழ்ந்த பண்டம் என்று வேறுபிரித்துக் காணுதலேயாகும். கேட்பதற்கு எளிதாயினும் இதனை நாள்தோறும் செய்தல் அரிது. அதனாலே அவர் பயிற்சியை வற்புறுத்தினார். நாணயம் நோட்டம் பார்ப்பவன் கண்ணாற் பார்த்தும், விரலால் தடவியும், தட்டி ஓசை கேட்டும் சோதிக்கிறான். காசு விடயத்தில் இத்துணை விழிப்பாயிருக்கும் நாம், மனத்தில் வந்து படியும் எண்ணங்களைக் கொட்டாவி விட்டுக்கொண்டு ஏற்றுக்கொள்கிறோம் என்று அவர் இடித்துரைத்தார். சினம் மிக்க மாணவனுக்கு அவர் கூறிய வழி ஒரு கணக்குப்பதிவு. சினவாத நாள்களை எண்ணிக்கொண்டு வருக. முன்பு நாள்தோறும் சினந்தவன் ஒருநாள் விட்டும், பின் இருநாள் விட்டும் சினந்து, முப்பது நாள் சினவாது கழித்தால் கடவுளுக்குப் பலியிட்டு நன்றி செலுத்துக என்றார். அவருக்கு மூத்தவரான செனெக்காவும் இரவில் விளக்கணைந்தபின் அன்றைய சொல்லையும் செயலையும் ஒன்றொன்றாக விசாரிக்கும் வழக்கத்தைத் தம்மிடத்திற் கொண்டிருந்தார். இவையெல்லாம் உபதேச மேடைக்குரியவை அல்ல. தொழிற்சாலைக்குரியவை போலத் தோன்றும்.

இவ்வறிவு வெறும் மன ஆறுதலா என்ற வினாவுக்கு அவரே காட்டிய எடுத்துக்காட்டுக்கள் விடையாகும். நீரோவின் காலத்தில் உயர்குடியினர் அவன் நடத்திய கூத்துக்களிற் பங்குகொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டனர். மறுத்தோர்க்குத் தலை போகும் என்ற அச்சம் இருந்தது. புளோரஸ் என்பவர் போவதா விடுவதா என்று தடுமாறி, அகிரிப்பைனஸ் என்பவரிடம் கேட்டார். போம் என்றார் அவர். அப்படியாயின் நீர் ஏன் போகவில்லை என்றதற்கு, அவ்வினா எனக்குள் எழுவதேயில்லை என்றாராம். இழிவையும் உயிரையும் தராசில் இட்டு நிறுக்கத் தொடங்கியவன், தன்னை மறந்தவனுக்கு மிக அண்மையில் வந்துவிட்டான் என்பது எப்பிக்டீற்றஸ் கருத்து. இதே அகிரிப்பைனஸ் மீது கி. பி. 66இல் மூதவையில் விசாரணை நடந்தது. செய்தி வந்தபோது, நீராடும் நேரமாயிற்று என்று நீராடப் போனார். தண்டனை விதிக்கப்பட்டது என்றனர். நாடுகடத்தலா மரணமா என்று கேட்டு, நாடுகடத்தல் என அறிந்ததும், உடைமை பறிக்கப்படவில்லை என்பதையும் கேட்டுக்கொண்டு, அப்படியானால் அரிசியாவுக்குப் போய் உணவு கொள்வோம் என்று எழுந்தார். அரிசியா உரோமாபுரியை விட்டுச் செல்வோரின் வழியில் உள்ள முதலூர்.

ஹெல்விடியஸ் பிரிஸ்கஸ் கதை இன்னும் கடுமையானது. மூதவைக்கு வரவேண்டாம் என்று பேரரசர் வெஸ்பேசியன் சொல்லியனுப்பினார். உறுப்பினர் பதவியைப் பறிப்பது உம் கையில். அது உள்ளவரை நான் வருவது என் கடமை என்றார் ஹெல்விடியஸ். வந்தால் வாய் திறவாதிரும் என்றபோது, என்னைக் கருத்துக் கேளாதிரும், நானும் பேசேன் என்றார். கேட்டே ஆகவேண்டும் என்றார் மன்னர். எனக்குச் சரியெனப் பட்டதைச் சொல்லியே ஆகவேண்டும் என்றார் இவர். சொன்னால் கொல்வேன் என்றபோது, கொல்வது உமது பங்கு, நடுங்காது சாவது எனது பங்கு எனப் பொருள்பட விடையளித்தார். அவ்வாறே நாடுகடத்தப்பட்டார், பின்பு கொல்லவும்பட்டார். தனியொருவராய் நின்று அவர் சாதித்தது என்ன என்று மாணவர் கேட்டிருக்கவேண்டும். வெள்ளாடையின் கரையிலே ஓடும் செந்நீல இழை அவ்வாடைக்கு என்ன செய்கிறது, தான் மிளிர்ந்து மற்றையதற்கும் அழகு தருகிறதல்லவா என்பதே எப்பிக்டீற்றஸ் தந்த விடையின் சாரம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லோரும் ஹெல்விடியஸ் ஆகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தன்னை எவ்விலைக்கு விற்கலாம் என்பது அவரவர் அறியவேண்டியது. சிங்கம் பாயும்போது மந்தைக்கு முன்னே நிற்கும் ஆற்றல் தனக்குண்டென்று காளை அறிகிறது. அதுவும் ஒரு நாளிற் காளையாகிவிடவில்லை என்றார். மல்லன் மைலோவைப் போல ஆகமுடியாது என்பதற்காக உடலைப் பேணாது விடுகிறோமா என்றும் கேட்டார். வீரம் பேசும் ஆசிரியர் பலர் மாணவன் அளவைக் கருதாது பேசுவர். இவரிடம் அக்குற்றம் இல்லை.

தத்துவம் போதிப்போரை டொமிஷியன் மன்னன் நகரைவிட்டுத் துரத்தியபோது எப்பிக்டீற்றஸ் கிரேக்க நாட்டின் மேல்கரையிலுள்ள நிக்கோப்போலிசுக்குச் சென்று பள்ளி நிறுவினார். அக்டியம் கடற்போரில் (கி. மு. 31) பெற்ற வெற்றியின் நினைவாக ஒகஸ்தஸ் அமைத்த நகர் அது. இத்தாலியிலிருந்து கிழக்கே பதவியேற்கச் செல்லும் இளைஞருக்கு வழித்துறை. ஆதலால் மாணவர் பெரும்பாலும் செல்வர் மக்கள். ஆசிரியரின் குடிசையில் விலையுயர்ந்த பொருள் ஓர் இரும்பு விளக்கு. அதுவும் ஓரிரவு களவு போயிற்று. இழப்பதற்கு ஒன்று இருந்தமையால் இழந்தேன் எனச் சொல்லி மறுநாள் மண்விளக்கு வாங்கிக்கொண்டார். அவர் இறந்தபின் அந்த மண்விளக்கை, ஞானமும் சேர்ந்து வரும் என்ற நம்பிக்கையிற்போலும், ஒருவர் 3,000 திராக்மா கொடுத்து வாங்கினார் என்று லூசியன் நகைக்கிறார்.

அவர் தாமாக ஒன்றும் எழுதிவைக்கவில்லை. மாணவரான அரியன் கேட்டபடியே பேச்சுநடையிற் குறித்துவைத்தார். எட்டுத் தொகுதிகளென அறியப்படும் அவற்றுள் நான்கே எஞ்சியுள்ளன. அவற்றின் சாரமாகிய கைந்நூலும் கிடைத்துள்ளது. அரியன் பின்னர் கப்படோசியா மாகாணத்தின் ஆளுநரானார். அலெக்சாந்தரின் படையெடுப்பைப் பற்றி நாம் நம்பிப் படிக்கும் வரலாறும், இந்தியாவைப் பற்றிய ஒரு சிறு நூலும் அவர் இயற்றியவை. ஒரு மாணவனின் குறிப்பேடு இல்லையேல் இவ்வாசிரியர் பெயரளவிலே எஞ்சியிருப்பார்.

அக்குறிப்பேட்டின் ஒரு பிரதியே றஸ்டிக்கஸ் வழியாக மார்க்கஸ் கையை அடைந்தது. தம் குணம் திருத்தம் வேண்டுவது என்ற எண்ணத்தையே றஸ்டிக்கசிடம் பெற்றதாக மார்க்கஸ் எழுதுகிறார். அவரோடு பலமுறை சினந்ததையும், பின்னர் வருந்தவேண்டிய எதனையும் செய்யாது தப்பியதையும் மறைக்கவில்லை. அடிமைக்குப் பிறர் அதிகாரம் பகையென்றால், அரசனுக்குத் தன் அதிகாரமே பகை. அவனைத் தடுப்பார் இல்லை. முகத்துக்கு நேரே உண்மை சொல்வாரும் இல்லை. அதனால் தம்மைத் தாமே இடிக்கும் அமைச்சராக மார்க்கஸ் ஆகவேண்டியிருந்தது. சீசர் என்னும் சாயம் தம்மேல் ஏறிவிடாதபடி காத்துக்கொள்ளுமாறு தமக்கு எச்சரிக்கை செய்கிறார். அரசவுடையின் செந்நீலம் யாது? சிப்பியின் குருதியில் தோய்த்த ஆட்டுமயிர் என்று எழுதுகிறார். எப்பிக்டீற்றஸ் சிறப்புக்கு உவமையாக எடுத்த அதே நிறத்தை, அதை உண்மையில் உடுத்தவர் உரித்துப் பார்க்கின்றார்! குளிர்காலையிற் படுக்கையை விட்டெழ மனமில்லாத தம் சோம்பலைக் கடியும் பகுதியும் உண்டு. அதைப் படிக்கும் விடுதி மாணவர் பேரரசரைத் தம்மவருள் ஒருவராகவே கருதுவர்.

செயலில் இதன் பயன் யாது? கி. பி. 175இல் கிழக்குப் படைத்தலைவர் அவிடியஸ் காசியஸ் தம்மைப் பேரரசர் எனப் பறைசாற்றினார். மூன்று மாதத்தில் அவரைத் தம்மவரே கொன்று தலையைக் கொண்டுவந்தனர். மார்க்கஸ் அதைப் பார்க்க மறுத்துவிட்டார். கலகக்காரரின் கடிதங்கள், யார் யார் உடந்தை என்று அறியாதபடி, படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன என்று டயோ காசியஸ் எழுதுகிறார். உரோம வரலாற்றைப் படித்தவர்க்கு அத்தீயிலே எத்தனை குடும்பங்கள் தப்பின என்பது புலனாகும்.

எனினும் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். மார்க்கஸ் அடிமை முறையை ஒழிக்கவில்லை. ஒழிக்கவேண்டும் என்று எண்ணியதற்கும் அவர் குறிப்பிற் சான்றில்லை. அடிமையொருவரின் நூலைப் படித்துத் தேறிய அரசனின் அரண்மனையில் அடிமைகளே விளக்கேற்றினர். அந்நூலைக் கடன் கொடுத்த றஸ்டிக்கஸ், நகராதிபதியாயிருந்த காலத்தில், தம் சமயத்தைக் கைவிட மறுத்த கிறித்தவ அறிஞர் ஜஸ்டினுக்கு 165ஐயொட்டிய காலத்தில் மரணதண்டனை விதித்தார். தன் மனத்தைப் பிறர் வசமாக்க மறுத்து உயிர்கொடுத்த ஜஸ்டின், அந்நீதிமன்றத்தில் எப்பிக்டீற்றசின் மெய்யான மாணவராகக் காணப்படுகிறாரேயன்றி, நீதிபதி அங்ஙனம் காணப்படவில்லை. மார்க்கசின் மகன் கொமொடஸ் 180இல் அரியணையேறிச் செய்த கேடுகளோ உலகறிந்தவை. ஒருவன் தன்னை அறிதல் அவனைச் சூழ்ந்த முறையைத் தானாகவே திருத்திவிடாது என்பதற்கு இவற்றினும் வேறு சான்று வேண்டா.

இக்குறையைத் தத்துவ அறிஞரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஸ்தோயிக்கரின் விடுதலை எண்ணத்தளவில் நின்றுவிடும் விடுதலை என்று 1807இல் வெளியான தம் நூலில் ஹேகல் குறை கூறினார். 1958இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய பேருரையிலே ஐசாயா பெர்லின், பெறமுடியாததன் மேலுள்ள ஆசையை அறுத்துவிட்டுத் தன்னைச் சுதந்திரன் என்று சொல்லிக்கொள்வது ஒருவகைப் பின்வாங்கலே என வாதித்தார். இவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆளப்படுவோர்க்கு மனவமைதியைப் போதித்து, ஆள்வோர் தம் வேலையைத் தொடர்ந்த காலங்கள் பல. ஆயினும் இவ்வறிஞர் ஸ்தோயிக்கரின் கைந்நூலை நோக்கிய அளவுக்கு ஹெல்விடியசை நோக்கினாரல்லர் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் உள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை, மூதவைக்குப் போனார். தம் வசமுள்ளது எது என்று தெளிந்தவருக்கு அச்சம் என்னும் கடிவாளம் கழன்றுவிடுகிறது. அவர் அதன்பின் அமைதியாக வீட்டிலிருப்பாரா, மன்றேறிப் பேசுவாரா என்பது வேறொன்றைப் பொறுத்தது. தன்னறிவு வலிமையைத் தரும். அதனைச் செலுத்தும் திசையை நீதியுணர்வே தரவேண்டும். எப்பிக்டீற்றஸ் பாடசாலையில் இரண்டாவதற்குச் செலவழித்த நேரம் முதலாவதற்குச் செலவழித்ததிலும் குறைவு என்பதே அவர்மேற் சொல்லத்தக்க நேரிய குறை.

விடுதலையின் கூலியை அவர் அறியாதவரல்லர். விடுதலை கிடைத்தால் எல்லாம் கிடைத்தது என்று நம்பும் அடிமையைப் பற்றி அவர் பேசிய பகுதியொன்று உண்டு. விடுதலை கிடைக்கிறது, உணவுக்கு எவன் வாயிலில் நிற்பது என்று தெரியவில்லை. பழைய அடிமை வாழ்வையே நினைத்து ஏங்குகிறான். பணம் சேர்ந்ததும் ஒருத்தியின் காதலுக்கு அடிமையாகிறான். பின்பு பதவி மோதிரத்துக்கு ஏங்கிப் படைக்குப் போகிறான். ஈற்றில் மூதவையில் அமர்ந்து எல்லாவற்றினும் அழகிய அடிமைத்தனத்தை அடைகிறான். தம் எசமானர் ஏறிய படிகளை நினைந்தே இதனைச் சொன்னார் என்று கொள்ளுதல் தவறாகாது.

இந்நூல் பின்னர் நடந்த வழி நீண்டது. 1758இல் எலிசபெத் காட்டர் என்னும் அம்மையார் அதனை முழுமையாக ஆங்கிலத்தில் ஆக்கினார். பெண்களுக்குப் பல்கலைக்கழக வாயில் அடைபட்டிருந்த காலம் அது. 1950களில் அமெரிக்க உளமருத்துவ அறிஞர் அல்பேட் எலிஸ், துன்பம் நிகழ்ச்சிகளால் அன்றி அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் மதிப்பீட்டால் விளைகிறது என்ற எப்பிக்டீற்றசின் கருத்தைத் தம் சிகிச்சை முறைக்கு அடித்தளமாகக் கொண்டார்.

ஆயினும் இக்கருத்தைக் கடுமையாகச் சோதித்தவர் போர்ச்சிறையில் இருந்த ஒருவர். அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டொக்டேல் 1965 செப்டெம்பர் 9ஆம் நாள் வட வியட்நாமில் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அப்போரின் நியாய அநியாயம் வேறு பொருள். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஒருவர் கொடுத்த எப்பிக்டீற்றசின் கைந்நூல் அவருக்கு மனப்பாடமாயிருந்தது. ஏழரை ஆண்டுச் சிறையில் நான்காண்டுக்கு மேல் தனிமைச் சிறை, பலமுறை சித்திரவதை. 1973 பெப்ரவரியில் விடுதலையானார். இருபது ஆண்டுகளின் பின், 1993இல், இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் உரையாற்றியபோது, நூலிற் படித்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எது நின்றது என்று கூறினார். உடல் நம் வசத்தில் இல்லை என்பதை அவர் எப்பிக்டீற்றசினும் கசப்பாக அறிந்தார். கயிற்றால் முறுக்கும்போது எவரும் ஒரு கட்டத்தில் இணங்கிவிடுவர். அதன்பின் மனிதனைக் கொல்வது வலியன்று, தான் இணங்கிவிட்டேன் என்ற நாணமே. ஆகவே சிறைச்சுவரை விரலால் தட்டும் குறிமொழி வழியாகக் கைதிகள் தாம் எதைச் சொல்லிவிட்டனர் என்பதை ஒளியாது ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். நாணம் போயிற்று, மறுநாள் விசாரணை செய்வோன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. விமானம் வீழ்ந்த அன்று முறிந்த இடக்கால் பின்னர் நேராகவேயில்லை. எப்பிக்டீற்றசைப் போலவே அவரும் இறுதிவரை நொண்டி நடந்தார்.